பிளேக்கில் நேர்ச்சை செய்த ஆல்ப்ஸ் ஊர்: ஓபராமர்கௌவில் முடிவெடுத்தது யார்?

ஏடும்எழுத்தும் (இழையைத் தொடங்கியவர்):

தெற்கு ஜெர்மனியில் பவேரியா மாநிலம், ஆல்ப்ஸ் மலையடிவாரம். அங்கே ஓபராமர்கௌ என்று ஒரு ஊர், ஐயாயிரத்துச் சொச்சம் பேர். பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊரே கூடி இயேசுவின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பங்களையும் சிலுவைச் சாவையும், நாடகமாகப் போடுவதால் உலகப் புகழ் பெற்றது. நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் (1618–1648) நடந்த காலம். சுற்றுவட்டாரமெல்லாம் பிளேக். பக்கத்துக் கோல்குரூப் ஊரில் இரண்டே தம்பதிகள்தான் மிஞ்சினார்கள் என்று சொல்வார்கள். ஓபராமர்கௌக்காரர்கள் எல்லையில் காவல் போட்டு யாரையும் உள்ளே விடவில்லை. எஷன்லோஹே என்ற ஊருக்குக் கூலி வேலைக்குப் போயிருந்த காஸ்பர் ஷிஸ்லர், கோயில் திருவிழா நாளில் வீட்டோடு இருக்க ஆசைப்பட்டு, காவலர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்து சேர்ந்தார். கூடவே நோயும் வந்தது. அவர் செத்தார். 33 நாளில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊர்க்காரர்கள் கூடி, பத்து வருடத்துக்கு ஒருமுறை பாடுகளின் நாடகம் போடுவதாக நேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் சாகவில்லை. 1634இல் முதல் நாடகம்.

எல்லோரும் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அற்புதமா இல்லையா என்று சண்டை போடுவார்கள். எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய வரி. நேர்ந்துகொண்டது யார்? 'ஆறும் பன்னிரண்டும்' என்கிறது ஊர் வழக்கு. ஆறு பேர் கொண்ட ஊர்ச்சபை, அதோடு இன்னும் பன்னிரண்டு பேர். ஆனால் அந்த ஊரே பக்கத்து எட்டால் என்ற கத்தோலிக்கத் துறவி மடத்தின் ஆளுகையில் இருந்தது. நிலம் மடத்தினுடையது, வழக்குத் தீர்ப்பதும் மடத்து நீதிமன்றம். மேலே பவேரிய ஆட்சியாளர் மாக்சிமிலியன். இப்படி இரண்டு எஜமானர்களுக்குக் கீழே இருக்கும் குடியானவர்கள், இனிப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளையும் கட்டுப்படுத்துகிற ஒரு நேர்ச்சையைத் தங்கள் பெயரில் எப்படிச் செய்ய முடிந்தது?

சந்தேகப்பிராணி:

முதலில் நேர்ச்சை நடந்ததா என்று பார்ப்போம், அப்புறம் யார் செய்தார்கள் என்று பேசலாம். நேர்ச்சையின் அசல் ஆவணம் எதுவும் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் கதை பிற்காலத்தில் எழுதப்பட்டது. அதைவிட முக்கியம், பங்குக் கோயிலின் (ஊர்த் தேவாலயத்தின்) இறப்புப் பதிவேடு. 1632 அக்டோபரில் பெரியவர்கள் இறப்பு ஒன்று. மெல்ல ஏறி 1633 மார்ச்சில் இருபது. பிறகு இறங்கி இறங்கி ஜூலையில் மறுபடி ஒன்று.

கதையில் ஷிஸ்லர் வருவது 1633 செப்டம்பர் கடைசியில், நேர்ச்சை அக்டோபர் 28இல். அதாவது ஜூலையிலேயே போய்விட்ட நோயை அக்டோபரில் வேண்டி நிறுத்தியிருக்கிறார்கள்!

ஜெபமாலை:

தம்பி, பதிவேட்டில் இருப்பது பெரியவர்கள் கணக்கு. பிள்ளைகளைச் சேர்த்தால் எவ்வளவு என்று யார் கண்டது? அதோடு, ஷிஸ்லர் வந்தது 1632 திருவிழாவுக்கு என்று வைத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் எண்ணும் கதையும் கிட்டத்தட்ட ஒட்டிவரும். அந்த இலையுதிர்காலத்தில் நோய் உள்ளே வருகிறது, குளிர்காலத்தில் பரவுகிறது, மார்ச்சில் உச்சம், அந்தத் தவிப்பில் நேர்ச்சை. சொல்லிச் சொல்லி வந்த கதையில் ஒரு வருடம் பிசகுவது அதிசயமா? என் பாட்டி தன் கல்யாண வருடத்தையே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். அதனால் கல்யாணம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஆய்வகஎலி:

பிளேக் கோணத்தில் ஒரு குறிப்பு. தெள்ளுப்பூச்சி கடித்து இரண்டு முதல் ஆறு நாளில் காய்ச்சல், நெறி கட்டுதல். மருந்தில்லாத காலத்தில் பாதிப் பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நோய் ஒரு மலைக்கிராமத்தில் நுழைந்தால் 33 நாளில் சட்டென்று நிற்பதைவிட, பதிவேடு காட்டுவது போல மெதுவாக ஏறிச் சில மாதம் நின்று இறங்குவதுதான் இயல்பாகத் தெரிகிறது. எலியிடம் பரவி, எலி செத்து, தெள்ளு மனிதனுக்கு மாறி என்று ஒரு சுற்று வர நாளாகும். மனிதர் உடம்பில் இருக்கும் தெள்ளும் பேனுமே பரப்பின என்று இன்னொரு கட்சி உண்டு. அதில் நான் இறங்கவில்லை.

அந்தக் காலத்து 'கொள்ளைநோய்' எல்லாமே பிளேக்தானா என்று கேட்பவர்களுக்கு: பிராண்டன்புர்க் பக்கம் முப்பதாண்டுப் போர்ச் சிப்பாய்களைப் புதைத்த குழியிலிருந்து எடுத்த எலும்புகளில் பிளேக் கிருமியின் மரபணு கிடைத்திருக்கிறது. படைகளோடு அது நடந்து திரிந்தது என்பதில் சந்தேகமில்லை.

மாட்டுவண்டி:

படையோடு வந்ததா, திருவிழாவுக்கு வந்ததா? ஷிஸ்லர் பாவம். நானூறு வருடமாக வசவு வாங்கிக்கொண்டிருக்கிறார். லாக்டவுன் நேரத்தில் பைக்கில் சந்து பொந்தாகப் புகுந்து ஊருக்குப் போன நம் ஆட்கள் எத்தனை பேர்? நானும் ஒருவன். என் பெயரை வைத்து யாரும் கதை கட்டவில்லை, தப்பித்தேன்.

மூனிக்குக்காரன்:

படையோடுதான். ஷிஸ்லர் கடைசிக் கண்ணி, அவ்வளவே. 1632 ஏப்ரலில் ஸ்வீடன் மன்னர் குஸ்டாவ் அடால்ஃப் லேக் ஆற்றங்கரையில் ரைன் என்ற ஊருக்குப் பக்கத்தில் பவேரியப் படையை முறியடித்தார். அங்கே காயம்பட்ட தளபதி டில்லி அந்த மாதக் கடைசியிலேயே இறந்துபோனார். மே மாதம் மூனிக் நகரம் சண்டையில்லாமல் கதவைத் திறந்துவிட்டது. கொள்ளையடிக்காமல் இருக்க மூன்று லட்சம் தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) கேட்டார்கள். முழுப் பணமும் புரளவில்லை, பிணையாக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு ஸ்வீடிஷ் படைகள் மலைப்பக்கம் ஏறி எட்டால் மடத்தையும் சூறையாடின. மடத்துக்கும் ஓபராமர்கௌவுக்கும் நடுவில் பொடிநடைத் தூரம்தான். குதிரைத் தீவனம், ரொட்டி, மாடு, எதையும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். பட்டினி கிடந்த உடம்பில்தான் அடுத்த குளிர்காலத்தில் நோய் புகுந்தது.

மூனிக்குக்குப் பிளேக் வந்தது அதற்குப் பிறகு, 1634இல். அதைக் கொண்டுவந்தது எதிரிப் படை இல்லை, கூட்டாளியான ஸ்பானியப் படை. சுமார் 7,000 பேர் செத்தார்கள், நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். உதவிக்கு வந்தவனா உபத்திரவம் பண்ணினவனா என்று நோய்க்கு என்ன தெரியும்.

ஏடும்எழுத்தும்:

எல்லோருக்கும் நன்றி. தேதிச் சண்டையில் ஜெபமாலை அக்கா சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. 1634 பெந்தக்கோஸ்து விழாவுக்கு நாடகம் மேடையேறிவிட்டதால், 1633க்குள் ஏதோ ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். அந்த நாடகமும் கல்லறைத் தோட்டத்தில்தான் நடந்தது, பிளேக்கில் செத்தவர்களின் புதைகுழிகள் மேல். 1820 வரைக்கும் அங்கேதான் போட்டார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நானே ஒரு பதில் வைத்திருக்கிறேன், உடைத்துப் பாருங்கள்.

எட்டால் மடம் 1330இல் பேரரசர் லுட்விக் இத்தாலியிலிருந்து திரும்பி வந்ததும் கட்டியது. போப்பாண்டவரோடு பகை, கையில் காசில்லை, இந்த நிலையில் ஒரு மலைக் கணவாயில் மடம் எதற்கு? ஏனென்றால் அது சும்மா காடு இல்லை. ஆக்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஆல்ப்ஸ் தாண்டி வெரோனா, வெனிஸ் போகும் சரக்குப் பாதை அந்த வழியாகத்தான் போனது. பாதையை யார் காக்கிறார்களோ அவர்கள் கையில் பணம்.

மடத்துக்கு ஆள் வேண்டும். மலையில் குடியானவன் தங்க வேண்டுமென்றால் அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அதனால் ஓபராமர்கௌ இருக்கும் அம்மர்கௌ பகுதிக் குடியானவர்களுக்குப் பரம்பரைக் குத்தகை உரிமை கொடுத்தார் லுட்விக். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பவேரியாவின் மற்ற ஊர்களைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் வருடத்துக்கு வருடம் குத்தகை, பிரபு நினைத்தால் வெளியே போ என்பான். சில இடங்களில் ஆயுள் குத்தகை, அப்பன் செத்தால் மகன் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அம்மர்கௌவில் நிலம் மடத்தினுடையதுதான், குத்தகை கட்டியே ஆக வேண்டும். ஆனால் மகனுக்கும் பேரனுக்கும் எழுதி வைக்கலாம். பேரன் அதே வீட்டில் இருப்பான் என்று உறுதியாகத் தெரிந்தவன்தான் அவன் பெயரிலும் சேர்த்து வாக்குக் கொடுப்பான்.

அடுத்தது வண்டிப் பாதை. அதை மாட்டுவண்டி சாரிடம் விடலாம் என்று பார்த்தேன், பெயர்ப் பொருத்தம்.

மாட்டுவண்டி:

ஆஹா, இதற்காகவே காத்திருந்தேன். என் தாத்தா நிஜமாகவே வண்டிக்காரர், பருத்திமூட்டை ஏற்றியவர். அதனால் இந்த ஊர்க் கதையில் எனக்குப் பிடித்ததே இந்தப் பகுதிதான்.

அந்தச் சரக்கு ஏற்பாட்டுக்கு 'ரொட்' என்று பெயர். வெனிஸிலிருந்து மிளகும் பட்டும் கொண்டுவரும் வியாபாரி தன் வண்டியிலேயே ஆக்ஸ்பர்க் வரை ஓட்டிப் போய்விட முடியாது. பாதையில் குறிப்பிட்ட ஊர்களில் சரக்கை இறக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த நிலையம் வரை அந்த ஊர்க்காரர் வண்டியில்தான் போக வேண்டும், கூலியும் அவர்களுக்குத்தான். மிட்டன்வால்ட், பார்ட்டன்கிர்ஷன், அம்மர்கௌ, ஷோங்கௌ என்று ஒவ்வொரு ஊரும் ஒரு நிலையம். ஊருக்குள் முறை வைத்து ஓட்டுவார்கள், இன்று உன் வண்டி, நாளை என் வண்டி. முறை தவறினால் பஞ்சாயத்து. நம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்கு வரிசை போடுவது போலத்தான். வெளி ஆட்டோ உள்ளே வந்து ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எட்டால் ஏற்றம் செங்குத்தானது. அங்கே கூடுதல் குதிரை பூட்டாமல் வண்டி ஏறாது, அதற்குத் தனிக் கூலி. வெனிஸ் வியாபாரிகள் 1487இல் போல்சானோ சந்தையோடு சண்டை போட்டுக்கொண்டு சந்தையையே மிட்டன்வால்டுக்கு மாற்றிவிட்டார்கள். 1679 வரை அங்கேதான் நடந்தது. அப்படியானால் பிளேக் வந்த காலத்தில்கூட இந்தப் பாதை உயிரோடுதான் இருந்திருக்கிறது.

ஏடும்எழுத்தும்:

அதைத்தான் சொல்ல வந்தேன். முறை வைக்க, கூலி பிரிக்க, தகராறு தீர்க்க, வியாபாரியோடு பேரம் பேச ஊருக்கு ஒரு சபை வேண்டும். மடம் இருந்துவிட்டுப் போகட்டும், தினசரிக் காரியத்துக்கு ஊர்ச்சபைதான். முந்நூறு வருடம் வண்டி முறை வைத்துப் பழகிய ஆட்கள்தான் 1633இல் கூடி உட்கார்ந்து, பத்து வருடத்துக்கு ஒரு முறை என்று நேர்ச்சைக்கும் முறை வைத்தார்கள். கடவுளோடு செய்த ஒப்பந்தத்தில்கூட வண்டிக்காரர் கணக்கு தெரிகிறது எனக்கு.

சந்தேகப்பிராணி:

அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. 'ஊர்தான் முடிவெடுத்தது' என்பதற்கு ஆதாரம் மறுபடி அதே பிற்காலக் கதைதானே? மடத்துத் துறவிகள் தூண்டிவிட்டு, ஊர்க்காரர் பெயரில் நடந்திருக்கலாம். 1750இல் நாடகத்தைப் புதிதாக எழுதியவர் ஃபெர்டினாண்ட் ரோஸ்னர், எட்டால் மடத்துத் துறவி. 1811இல் மறுபடி எழுதிய ஓத்மார் வைஸ், அவரும் எட்டால். பேனா மடத்தின் கையில் இருந்தால் மண்டையும் மடத்தினுடையது என்று சந்தேகப்படுவது தவறா?

ஜெபமாலை:

ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். அந்த ஊருக்குப் பங்குச் சாமியார் எட்டாலிலிருந்து வரவில்லை. ரோட்டன்புக் என்ற இன்னொரு மடத்தின் அகுஸ்தீன் சபைக் குருக்கள்தான் பங்கைப் பார்த்தார்கள். நிலத்துக்கும் நீதிக்கும் ஒரு மடம், பூசைக்கு வேறு மடம். இரண்டுக்கும் நடுவில் ஊர்க்காரர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். மாமியார் இரண்டு பேர் இருந்தால் மருமகள் பிழைத்துக்கொள்வாள்.

மூனிக்குக்காரன்:

ரோஸ்னர் வந்தது நேர்ச்சைக்கு நூற்றுப் பதினேழு வருடம் கழித்து. கிடைத்திருப்பதிலேயே பழைய பிரதி 1662ஆம் ஆண்டினது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் இரண்டு மூலங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று ஆக்ஸ்பர்க்கின் புனித உல்ரிக், அஃப்ரா மடத்திலிருந்து வந்த பதினைந்தாம் நூற்றாண்டு நாடகம். மற்றது செபாஸ்டியன் வில்ட் எழுதியது. அவர் ஆக்ஸ்பர்க்கில் பாட்டுக் கட்டும் சங்கத்தைச் சேர்ந்த கைத்தொழிலாளி. இரண்டாவது மூலம் 1566இல் அச்சானது, அதுவும் ஒரு புராட்டஸ்டன்ட் சூழலிலிருந்து.

எட்டாலிலிருந்து இல்லை, கவனியுங்கள். ஆக்ஸ்பர்க்கிலிருந்து. மாட்டுவண்டி சார் சொன்ன பாதையின் மறுமுனை. மிளகு போன வழியில் நாடகப் பிரதி வந்திருக்கிறது.

மாட்டுவண்டி:

ஏற்றுகூலி யார் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள்.

சந்தேகப்பிராணி:

சரி, ஆக்ஸ்பர்க் விஷயத்தில் ஒரு அடி பின்வாங்குகிறேன். ஆனால் வேறொன்று கேட்கிறேன். அந்தக் காலத்தில் பவேரியா, பக்கத்து ஆல்ப்ஸ் பகுதியான டிரோல் முழுக்க ஊருக்கு ஊர் பாடுகளின் நாடகம் போட்டார்கள். ஓபராமர்கௌ மட்டும் ஏன் மிஞ்சியது? அங்கே பக்தி அதிகம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஏடும்எழுத்தும்:

சொல்ல மாட்டேன். பிழைத்ததற்குக் காரணம் மனு எழுதத் தெரிந்திருந்தது.

1770இல் பவேரிய அரசு நாடகங்களைத் தடை செய்தது. அறிவொளிக் காலம், புனிதமான விஷயத்தை மேடையில் கூத்தாடுவது கூடாது என்றார்கள். அந்த வருடம் நாடகம் இல்லை. ஊர் விடவில்லை. இது வேடிக்கை இல்லை, முன்னோர் செய்த நேர்ச்சை என்று வாதாடி, 1780இல் அனுமதி வாங்கியது. தலைப்பையும் பிரதியையும் அதிகாரிகள் முகம் சுளிக்காத மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய அடி 1803. பவேரிய அரசு மடங்களையெல்லாம் கலைத்தது. எட்டாலும் போனது, ரோட்டன்புக்கும் போனது. மடம் நடத்திய நாடகமாக இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். 1810இல் மறுபடி தடை வந்தது. ஊர்க்காரர்கள் மூனிக்குக்கு ஆள் அனுப்பி, 1811இல் அனுமதியோடு திரும்பினார்கள். வேலையிழந்த பழைய எட்டால் துறவி வைஸ் புதுப் பிரதி எழுதிக் கொடுத்தார், ஊர் வாத்தியார் ரோக்குஸ் டெட்லர் இசை அமைத்தார். சந்தேகப்பிராணி, வைஸ் பெயரை நீங்கள் மடத்தின் சாட்சியாகக் கூப்பிட்டீர்கள். அவர் எழுதும்போது மடமே இல்லை.

1818இல் ஊராட்சிகளுக்கான சட்டம் வந்து கிராமங்களுக்குத் தனி நிர்வாகம் கிடைத்தது. 1848இல் நிலப்பிரபுத்துவ பாக்கிகள் ஒழிந்தன. நாடகம் அதற்கெல்லாம் முன்னாலேயே இருந்தது, பின்னாலும் நின்றது.

சந்தேகப்பிராணி:

வைஸ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், நன்றாக மாட்டிக்கொண்டேன். ஆனால் இந்த 'ஊர்' என்ற சொல்லை இனிப்பாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். 1934இல் முந்நூறாவது ஆண்டு என்று சிறப்பாகப் போட்டார்கள். ஹிட்லர் வந்து பார்த்தார். யூதர்களைக் கும்பலாகக் காட்டி, கிறிஸ்துவைக் கொன்ற பழியைச் சுமத்தும் பிரதி அது. அவர் அதைப் பிற்பாடு புகழ்ந்தும் பேசினார். போருக்குப் பிறகும் அதைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டி, 1970இல் யூத அமைப்புகளின் புறக்கணிப்பு வரைக்கும் போனது. அந்தப் பிரதியும் அதே ஊர் ஒற்றுமையில் வந்ததுதானே? ஆறும் பன்னிரண்டும் கூடினால் எப்போதும் நல்லதுக்கே கூடும் என்று இல்லை.

இன்னொன்று: 1990 வரை கல்யாணமான பெண்ணும் 35 வயது தாண்டிய பெண்ணும் மேடை ஏற முடியாது. நீதிமன்றம் போய்த்தான் மாற்றினார்கள். அங்கே பிறந்திருக்க வேண்டும் அல்லது இருபது வருடம் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு.

ஜெபமாலை:

இதில் உங்களோடு நிற்கிறேன் தம்பி. அம்மாவாக நடிக்கும் பெண்ணுக்கு நிஜத்தில் அம்மா ஆகும் வயது தாண்டக் கூடாதாம். எந்த ஆண் யோசித்த விதியோ.

மூனிக்குக்காரன்:

2022இல் நேரில் பார்த்தேன். 2020இல் நடந்திருக்க வேண்டியது. பிளேக்குக்கு நேர்ந்த நாடகத்தைக் கொரோனா இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. 1920இல் உலகப் போரின் பாதிப்பால் 1922க்குத் தள்ளினார்கள், 1940இல் போடவேயில்லை, 1870இல் பாதியில் நிறுத்தி 1871இல் தொடர்ந்தார்கள். அந்த 1870 கதை நன்றாக இருக்கும். கிறிஸ்துவாக நடித்த யோசஃப் மயர் பிரான்சோடு நடந்த போருக்குப் பட்டாளத்துக்குப் போக வேண்டியதாயிற்று. தலைமுடியை மட்டும் வெட்ட வேண்டாம் என்று அவருக்கு விலக்குக் கொடுத்தார்கள். இன்றும் நாடகத்துக்கு முந்தைய ஆண்டின் சாம்பல் புதனிலிருந்து (தவக்காலம் தொடங்கும் நாள்) நடிகர்கள் முடி, தாடி வெட்டக் கூடாது என்று ஊர் நிர்வாகம் அறிவிப்பு ஒட்டும். அந்த வருடம் ரொட்டிக்கடை, தபால் ஆபீஸ் எல்லாவற்றிலும் அப்போஸ்தலர்கள்தான் நிற்பார்கள்.

சந்தேகப்பிராணிக்கு: 1990 முதல் இயக்கும் கிறிஸ்டியன் ஷ்டுக்ல் காலத்தில் பிரதி நிறைய மாறியிருக்கிறது. இயேசுவை யூதராகவே காட்டுகிறார்கள், எபிரேயத்தில் ஜெபம் பாடுகிறார்கள். 2022இல் யூதாசாக நடித்தவர் ஒரு முஸ்லிம் குடும்பத்து இளைஞர். போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள், கேளுங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. ஐந்து மணி நேர நாடகம், நடுவில் சாப்பாட்டு இடைவேளை. மேடைக்குக் கூரை இல்லை, நமக்கு மேல் உண்டு. சிலுவைக் காட்சியில் நிஜ மழை கொட்டியது. நடிகர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். முன்பதிவு செய்த விடுதியில் என் பெயரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ராத்திரி பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் எந்த நேர்ச்சையும் ஞாபகம் வரவில்லை, ஒரு கம்பளிதான் ஞாபகம் வந்தது.

ஆய்வகஎலி:

நாடகத்துக்கு வெளியேயும் அந்தப் பள்ளத்தாக்கில் போர் விட்டுப்போன சாமான்கள் இருக்கின்றன. ஊருக்குப் பக்கத்தில் டோட்டன்பிக்ல் என்ற மேட்டில் ரோமானியரின் கவண்பொறி அம்புமுனை ஒன்று கிடைத்தது, 19ஆம் படையணியின் முத்திரையோடு. கி.மு. 15இல் ஆல்ப்ஸைப் பிடிக்க வந்தபோது எய்தது. அதே படையணி கி.பி. 9இல் டாய்ட்டோபர்க் காட்டில் அழிந்துபோனது. இரண்டாம் உலகப் போரில் மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனியின் ஜெட் விமான ஆராய்ச்சியும் இங்கேதான் நடந்தது. 1945இல் அமெரிக்கர்கள் வந்தபோது கட்டி முடிக்காத விமானம் கிடைத்தது.

ஏடும்எழுத்தும்:

அம்புமுனை எனக்குப் புதுச் செய்தி, நன்றி. ரோமானியர் காலத்திலும் அந்த வழிதான் என்றால் பாதையின் வயது இன்னும் கூடுகிறது.

சந்தேகப்பிராணியின் கேள்வியை ஒதுக்கப் பார்க்கவில்லை. ஊர் தானாக முடிவெடுக்கும் உரிமையும், யார் ஊர், யார் வெளியாள் என்று கோடு போடும் பழக்கமும் ஒரே வண்டிமுறையிலிருந்து வந்தவை என்றே நினைக்கிறேன். வெளி வண்டி சரக்கு ஏற்றக் கூடாது, வெளியாள் நடிக்கக் கூடாது. ஷிஸ்லரைத் தடுக்கக் காவல் போட்டதும் அதே ஆட்கள்தான். இத்தனைக்கும் அவர் வெளியாளே இல்லை.

மாட்டுவண்டி:

அதனால்தான் உள்ளே வர வழி தெரிந்திருக்கிறது.

ஜெபமாலை:

அடுத்தது 2030. 2034இல் நானூறு ஆண்டு ஆகிறது, 1934, 1984 போல அதற்குத் தனியாகப் போடுவார்களா என்று பார்க்க வேண்டும். மூனிக்குக்காரரே, உங்கள் பக்கத்திலிருந்து ரயில் உண்டா? எனக்கு முழங்கால் வலி, எட்டால் ஏற்றமெல்லாம் ஏற முடியாது.

மூனிக்குக்காரன்:

உண்டு அக்கா. முர்னௌ வந்து வண்டி மாற வேண்டும், அங்கிருந்து சின்ன ரயில், 1900இல் போட்ட பாதை. கோல்குரூப் வழியாகத்தான் போகும். விடுதியை மட்டும் நான் பார்த்துச் சொல்கிறேன்.